மண்ணைப் பார்த்துப் பக்கெட் மாட்டுங்கள்

பொக்லைன் பக்கெட், பாறை உடைக்கும் பிரேக்கர் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, மதுரை ஒத்தக்கடையில் பக்கெட் கட்டிக் கொடுக்கும் பட்டறைக்காரர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணே, 20 டன் வண்டி ஒன்று பழசாக வாங்கியிருக்கிறேன். கண்மாயில் வண்டல் அள்ளும் வேலை. இப்போது 0.9 கன மீட்டர் பக்கெட் கிடக்கிறது. 1.2 போட்டால் டிப்பர் சீக்கிரம் நிரம்பும் என்கிறார்கள். மாற்றலாமா?
– திருமங்கலம் வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மூன்று யூனிட் டிப்பர் என்றால் 300 கன அடி, சுமார் எட்டரை கன மீட்டர். 0.9 பக்கெட்டில் ஒன்பது, பத்து தடவை அள்ள வேண்டும், 1.2 பக்கெட்டில் ஏழு தடவை. மிச்சம் அவ்வளவுதான். ஆனால் ஈரக் கரிசல் வண்டல் கன மீட்டருக்கு 1.8 டன் வரை வரும். இப்போது ஒரு தடவைக்கு 1.6 டன் தூக்குகிறீர்கள் என்றால், பெரியதில் 2.1 டன்னைத் தாண்டும். பக்கெட்டின் சொந்த எடையும் கூடும். அத்தனை பாரமும் வண்டிக் கையின் நுனியில். வண்டி நிற்பதோ கண்மாயின் இளகிய தரையில். கையை நீட்டினால் பின்பக்கம் தூக்கும். ஆபரேட்டர் பயந்து மெதுவாகத்தான் திருப்புவார். மிச்சம் பிடித்த நேரம் அதிலேயே போய்விடும். பக்கெட்டைக் கையில் மாட்டும் பின், அது உட்காரும் புஷ், வண்டி சுழலும் பேரிங் எல்லாம் தேயும். பழைய வண்டிக்கு இது ஆகவே ஆகாது.

வண்டிக் கம்பெனிக் கையேட்டில் ஒவ்வொரு பக்கெட்டுக்கும் நேராக, கன மீட்டருக்கு எத்தனை டன் உள்ள மண்ணுக்கு அது ஆகும் என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் யாரும் பக்கெட் வாங்கக் கூடாது என்பது என் பிடிவாதம்.

உங்களுக்கு உண்மையில் இடைஞ்சல் அளவு இல்லை, ஒட்டுவது. கரிசல் ஈரம் பட்டால் பக்கெட்டின் உள்ளே அப்பிக்கொள்ளும். கொட்டிய பிறகும் கால்வாசி உள்ளேயே இருக்கும். ஆழமும் ஒடுக்கமுமான பக்கெட்டில் இது அதிகம். அகலமாக, ஆழம் குறைவாக, உள்வளைவு வழுவழுப்பாக இருந்தால் மண் தானாக விழும். வெயிலில் இறுகிப்போன மேல்மண்ணை வெட்டப் பல் வேண்டும். அடியில் சேறு வந்ததும் பல் இல்லாத பக்கெட்டை மாட்டுங்கள், கண்மாய்த் தரையும் குண்டு குழி இல்லாமல் வரும்.

கேள்வி: கிணறு வெட்டும்போது ஆறடியில் பாறை. பக்கெட்டாலேயே குத்தி உடைக்கிறார் ஆபரேட்டர். சரியா?
– மேலூர் வாசகர்

பதில்: உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பக்கெட் அள்ளுவதற்கு, குத்தினால் பல் போகும், அப்புறம் பல் மாட்டும் அடாப்டர் போகும், கடைசியில் கையிலேயே விரிசல் விடும். உங்கள் பக்கம் மேலே இற்றுப்போன பாறை, கீழே கருங்கல் என்று வருவது சகஜம். இற்ற பாறைக்கு ஒற்றைப் பல் ரிப்பர் போதும், நெம்பிக் கிளப்பிவிடும். கீழே போனால் பிரேக்கர்தான்.

பிரேக்கர் மாட்ட வண்டியில் தனி ஆயில் லைன் இருக்க வேண்டும், முதலில் அதைப் பாருங்கள். ஒரே இடத்தில் அரை நிமிடத்துக்கு மேல் அடிக்க விடாதீர்கள். விரிசல் விடவில்லை என்றால் பிரேக்கரின் உளியை நகர்த்தி, பாறையின் விளிம்பிலிருந்து வர வேண்டும். உளியை வைத்து நெம்புவதும், பாறையில் படாமல் வெறுமனே அடிப்பதும் பிரேக்கரைக் கொன்றுவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கிரீஸ். அப்போது உளியைத் தரையில் அழுத்தி, செங்குத்தாக நிறுத்தி கிரீஸ் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கிரீஸ் உளிக்கு மேலே ஏறி நிரம்பிக்கொள்ளும்; பிரேக்கர் இயங்கியதும் சீல் கிழியும்.

கேள்வி: வேறு கம்பெனி வண்டியின் பழைய பக்கெட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– உசிலம்பட்டி வாசகர்

பதில்: மூன்று அளவு எடுங்கள். பின்னின் விட்டம், பின் நுழையும் இரண்டு காதுக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்த பின்னின் மையம் வரை உள்ள தூரம். முதல் இரண்டும் கொஞ்சம் மாறினால் புஷ், வாஷர் போட்டுச் சரிக்கட்டலாம். மூன்றாவது மாறினால் பக்கெட் முழுதாக மடங்காது, மண் அள்ளி வரும்போதே கொட்டும். அப்படிப்பட்டதை இரும்பு விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.