அண்ணனுக்கு அனுப்ப ஒரு வசனம்

அன்புள்ள ஐயா,

என் அப்பா கடைசி மூன்று மாதம் படுக்கையில் இருந்தபோதுதான் விசுவாசத்துக்கு வந்தார். ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று அவரே கேட்டார். நாள் குறித்தோம். அதற்கு நான்கு நாள் முன்னால் இறந்துவிட்டார். அடக்கம் முடிந்த அன்றே என் அண்ணன், "தண்ணீரில் இறங்காதவருக்கு இரட்சிப்பு இல்லை, மாற்கு 16:16ஐப் படி" என்றார். அவர் வேறு சபை. பதிலுக்கு நானும் சில வார்த்தைகள் சொல்லிவிட்டேன், அதை இங்கே எழுத வேண்டியதில்லை. இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. ஞானஸ்நானமும் மனந்திரும்புதலும் இரட்சிப்புக்கு அவசியம்தானா? அப்போஸ்தலர் 2:38இல் 'பாவமன்னிப்புக்கென்று' என்பதற்கு கிரேக்கத்தில் என்ன பொருள்? அண்ணனுக்கு அனுப்பத் தெளிவான வசனங்கள் தந்தால் உதவியாக இருக்கும்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அப்பாவைப் பற்றி. அவருக்காக நீங்கள் பயப்பட வேண்டாம். 392இல் ரோமப் பேரரசன் இரண்டாம் வாலன்டீனியன் ஞானஸ்நானம் பெறாமலே இளம் வயதில் இறந்துபோனான். தனக்கு ஞானஸ்நானம் தர வரும்படி மிலான் ஆயர் அம்புரோசுக்குச் சொல்லி அனுப்பியிருந்தான், அவர் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவன் சகோதரிகள் உங்களைப் போலவே இதை நினைத்து நினைத்து அழுதார்கள். இரங்கல் உரையில் அம்புரோஸ் அவர்களுக்குச் சொன்ன ஆறுதலின் சாரம் இதுதான்: அவன் விரும்பினான், கேட்டான், கேட்டதைப் பெற்றுக்கொண்டான். ஞானஸ்நானத்தை லேசாக எண்ணியவர் அல்ல அவர். ஞானஸ்நானம் அவசியம் என்று அழுத்திச் சொல்லும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், கடவுள் மீட்பை ஞானஸ்நானத்தோடு பிணைத்திருந்தாலும் அவர் தம் அருட்சாதனங்களுக்கு, அதாவது ஞானஸ்நானம் போன்ற திருச்சடங்குகளுக்கு, கட்டுப்பட்டவர் அல்ல என்றே சொல்கிறது. இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கி, ஞானஸ்நானம் இல்லாமலே பரதீசு வாக்களிக்கப்பட்ட கள்ளனை நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டுமா என்ன.

மாற்கு 16இன் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் சினாய், வத்திக்கான் என்ற 4ஆம் நூற்றாண்டின் இரண்டு பெரிய கிரேக்க வேதாகமக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. அவை மாற்கு எழுதியவையே என்று வைத்துக்கொண்டாலும், "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்" என்று தொடங்கும் அந்த 16ஆம் வசனத்தின் பின்பாதி விசுவாசியாதவனைத்தான் ஆக்கினைக்குள்ளாக்குகிறது, தண்ணீரில் இறங்காதவனை அல்ல. கிரேக்கச் சொல்லைப் பற்றிக் கேட்டீர்கள். மன்னிப்பைப் பெறுவதற்காகவா, பெற்றதனாலா என்று அந்தச் சின்ன இடைச்சொல்லை வைத்துத் தலைமுறை தலைமுறையாகச் சண்டை நடக்கிறது, நான் அதற்குள் போகப் போவதில்லை. முழுக்கா தெளிப்பா என்பதற்குள்ளும்தான்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வரி. "பதிலுக்கு நானும் சில வார்த்தைகள் சொல்லிவிட்டேன், அதை இங்கே எழுத வேண்டியதில்லை." ஏன் எழுத வேண்டியதில்லை? கடிதத்தில் மனந்திரும்புதல் அவசியமா என்று என்னைக் கேட்கிறீர்கள், அதே கடிதத்தில் மனந்திரும்ப வேண்டிய இடத்தைத் துணி போட்டு மூடி வைக்கிறீர்கள். சுள்ளென்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வேண்டியது பதில் அல்ல, அண்ணன் மேல் எறிய ஒரு கல்.

அண்ணன் செய்தது தப்புதான், அப்பாவைப் புதைத்த மண் காய்வதற்குள் அப்படிப் பேசியது பெரிய தப்பு. ஆனால் மத்தேயு 5:23ஐ மெதுவாக வாசித்துப் பாருங்கள். "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவுக்கு வந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்கிறார். உனக்கு அவன்பேரில் குறை இருந்தால் என்று அங்கே சொல்லவில்லை. அவனுக்கு உன்பேரில். நம் வருத்தத்தை அல்ல, அவன் வருத்தத்தைத் தேடிக்கொண்டு நாம் நடக்க வேண்டும். ஞானஸ்நானம் பற்றி நாம் இத்தனை ஆவேசமாக வாதாடுவதற்கு ஒரு காரணம் அதற்குத் தேதி உண்டு, சாட்சிகள் உண்டு, முடிந்ததா இல்லையா என்று கேட்டால் பதில் சொல்லிவிடலாம். மனந்திரும்புதலை மட்டும் நெஞ்சுக்குள் ஒரு கலக்கம், ஜெபத்தில் கொஞ்சம் கண்ணீர் என்று ஆக்கி வைத்திருக்கிறோம். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூலிப்பவன் சகேயு அழுததாக லூக்கா எழுதவில்லை. பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனை திருப்பித் தருகிறேன் என்றான். "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்ற சொல் அங்கேதான் வருகிறது, அந்த வீட்டில் ஞானஸ்நானம் நடந்ததாக எழுதியில்லை. மனந்திரும்புதலை அவசியம் என்றால் அது கிரியையாகிவிடும், கிருபைக்கு விலை வைத்த மாதிரி ஆகிவிடும் என்று சிலர் பதறுகிறார்கள். சகேயு பணத்தைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்பே இயேசு அவனை மரத்திலிருந்து இறங்கச் சொல்லி, உன் வீட்டிலே தங்க வேண்டும் என்றுவிட்டாரே. அதற்கப்புறம் அவனால் அந்தக் காசை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான். மறுபக்கம் அப்போஸ்தலர் 8இல் மாயவித்தைக்காரன் சீமோன் ஞானஸ்நானம் பெற்றவன். அவனைப் பார்த்துத்தான் பேதுரு, உன் இருதயம் தேவனுக்கு முன்பாகச் செம்மையாயிருக்கவில்லை என்கிறான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பதினாறு வயதில் காணிக்கைப் பெட்டியிலிருந்து பணம் எடுத்தேன். பழி என் கூடவே ஆலயத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த பையன் மேல் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவனைப் பாடகர் குழுவிலிருந்து நிறுத்தினார்கள், கொஞ்ச நாளில் அவன் ஆலயத்துக்கே வருவதில்லை. ஏழு மாதம் கழித்து எனக்கு ஞானஸ்நானம். மார்பளவு தண்ணீரில் போதகர் என் மூக்கின் மேல் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "பாவங்களை விட்டு மனந்திரும்பினாயா?" என்று கேட்டார். ஆம் என்றேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவே இல்லை, அந்த வாரம் முழுக்க உண்மையாகவே அழுதிருந்தேன். வெளியே வந்தபோது இடது காதில் தண்ணீர் அடைத்துக்கொண்டு, எல்லோரும் பாடிய பாட்டு எங்கேயோ தூரத்தில் கேட்டது.

பதினொரு வருடம் கழித்துத்தான் அவனைத் தேடிப் போனேன். ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். நான் சொல்லி முடிக்கும்வரை பிரஷைக் கீழே வைக்கவில்லை, ஒரு கம்பியை முடித்துவிட்டு அடுத்த கம்பிக்குப் போனான். அப்புறம் சொன்னான்: "எனக்கு அன்றைக்கே தெரியும். நீ வருவாய் என்று கொஞ்ச நாள் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன்." மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உட்காரச் சொன்னான். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் கேட்ட வசனங்களை நான் அனுப்பப் போவதில்லை. அன்றைக்கு என்ன சொன்னீர்களோ அதை அப்படியே அண்ணனிடம் சொல்லி, அதற்காக மன்னிப்புக் கேளுங்கள். அவர் சொன்னதை இழுக்காதீர்கள், மாற்கு 16ஐ எடுக்காதீர்கள். அவருக்கும் செத்தது அப்பாதான். எண் மாறியிருந்தால் அண்ணியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.