மழை எச்சரிக்கையை மீறி மலையேறி மாட்டிக்கொண்டவரே மீட்புச் செலவைக் கட்ட வேண்டுமா?

மீட்புக் கட்டணம் என்பது காட்டில் சிக்கியவரைத் தேடிக் கொண்டுவர ஆன செலவை அவரிடமே வசூலிப்பது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அலட்சியமாக ஏறியவர்களிடம் வசூலிக்கச் சட்டமே உண்டு.

நீலகிரிக்கு அது சரிவராது என்பேன். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் மதியம் முழங்கால் அளவு ஓடிய ஓடை சாயங்காலம் ஆளையே இழுத்துவிடும். பில் வருமே என்று பயந்தவர் 112-ஐ உடனே கூப்பிட மாட்டார். தானே இறங்கிப் பார்ப்பார், இருட்டிவிடும். பிறகு தீயணைப்பு வீரர்களும் வனக் காவலர்களும் பனிமூட்டத்தில், வழுக்குப் பாறையில் கயிறு கட்டி இறங்க வேண்டும். அவர்கள் உயிரும் உயிர்தானே!

ஹெல்மெட் இல்லாமல் விழுந்தவரையும் 108 காசு வாங்காமல்தான் ஏற்றிக்கொண்டு போகிறது, அபராதம் தனி. இங்கேயும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இலவசமாக மீட்டுவிட்டால் வழக்கு வராது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு: காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம்.