மாடித் தரை ஏன் ஆடுகிறது?

கேள்வி: கும்பகோணத்தில் எங்கள் தாத்தா கட்டிய வீட்டில், கூடத்துக்கு மேலே 15 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள மாடி அறை ஒன்று இருக்கிறது. சற்று வேகமாக நடந்தாலே தரை அதிர்கிறது. அலமாரியில் உள்ள பாத்திரங்கள் கலகலக்கின்றன. நடுவில் பள்ளம் விழுந்திருப்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. பழைய தரையின் மேல் கம்பி கட்டி 2 அங்குலத்துக்குக் கான்கிரீட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கொத்தனார். போடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். நீங்கள் சொல்லும் அளவுள்ள அறையில் 2 அங்குலக் கான்கிரீட் மட்டுமே ஏறக்குறைய 2 டன் எடை வரும். ஏற்கெனவே சுமை தாளாமல் தொய்ந்திருக்கும் கட்டைகளின் மேல் அந்த எடையை ஏற்றுவது நோயைத் தீர்க்காது, ஆபத்தைத்தான் கூட்டும்.

கூடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். நெருக்கமாகப் போட்ட மரக்கட்டைகளும், அவற்றின் மேல் சாய்வரிசையில் குத்தாக நிறுத்திய மெல்லிய செங்கற்களும் தெரிந்தால், உங்களுடையது மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லப்படும் தளம். அந்தச் செங்கல்லுக்கு மேலே, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கிய கனமான படுகை இருக்கும். இன்று அதைச் செய்யத் தெரிந்த கைகள் மிகக் குறைவு என்பதால், இடித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்ற யோசனைக்கும் நான் எளிதில் சம்மதிக்க மாட்டேன்.

தொய்வும் ஆட்டமும் ஒன்றல்ல என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். பல பத்தாண்டுகள் சுமை தாங்கிய மரம் மெல்ல வளைந்து அப்படியே நின்றுவிடுவது இயல்பு. அது ஆடாமலும் மேலும் இறங்காமலும் இருந்தால் அதனால் பெரிய கவலையில்லை. ஆட்டம் இருந்தால்தான் காரணம் தேட வேண்டும். அந்தக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: ஒன்று, 12 அடியைத் தாண்டுவதற்குக் கட்டையின் உயரம் போதாமல் இருக்கலாம், அல்லது, சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டையின் முனை ஈரத்தாலோ கரையானாலோ உளுத்துப் போயிருக்கலாம். ஒவ்வொரு கட்டையையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள்; நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், உள்ளே அரித்தது பொத்தென்று ஒலிக்கும். சுவரை ஒட்டிய இடத்தில் ஸ்குரூடிரைவரால் குத்தும்போது அது தடையின்றி உள்ளே இறங்கினால், அந்த முனையை இனி நம்ப முடியாது. சுவரில் மண்கோடு ஏறியிருக்கிறதா, பக்கத்தில் பிற்காலத்தில் குளியலறை கட்டினார்களா, மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்பே, அலமாரிகளையும் நெல் மூட்டைகளையும் அறையிலிருந்து இறக்கிவிடுங்கள்.

கட்டைகள் நலமாக இருந்து ஆட்டம் மட்டுமே குறை என்றால், வைத்தியத்தைக் கீழிருந்து செய்ய வேண்டும். 12 அடி அகலத்தைத் தாண்டிக் கிடக்கும் கட்டைகளுக்கு நடுவே, குறுக்காக, 15 அடி நீளத்துக்கு ஓர் இரும்பு கர்டரைக் கொடுத்தால் ஒவ்வொரு கட்டையும் 6 அடியை மட்டுமே தாண்ட வேண்டியிருக்கும். நீளம் பாதியாகும்போது, ஒருவர் நடக்கும் எடைக்கு ஏற்படும் வளைவு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கர்டர் உட்காரும் இரு சுவர்களிலும் கருங்கல் பலகையோ கான்கிரீட் மெத்தையோ வைத்தாக வேண்டும்; சுண்ணாம்புச் சுவர் ஒரே புள்ளியில் அந்தச் சுமையைத் தாங்காமல் நொறுங்கும். கர்டரின் அளவைக் கடைக்காரரிடம் கேட்காமல், வீட்டை நேரில் பார்த்த ஒரு கட்டடப் பொறியாளரிடம் கணக்கிட்டு வாங்குங்கள். கூடத்தின் உயரத்தில் சில அங்குலம் போகும் என்றாலும் அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளலாம்.

கர்டரை ஏற்றும்போது தளத்தை ஜாக்கியால் மட்டத்துக்குத் தூக்கிவிடலாம் என்று ஆசை வரும். சுண்ணாம்புப் படுகை அந்த வளைவிலேயே இறுகிப்போனது. அவசரமாக நிமிர்த்தினால் மேலே விரிசல் விட்டுவிடும். தூக்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு மட்டும் தூக்கி, சில நாட்கள் விட்டு, விரிசல் இல்லையென்று பார்த்த பிறகே அடுத்த நூலுக்குப் போக வேண்டும். ஆட்டம் நின்றால் போதும், பள்ளத்தை அப்படியே விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து.

முனை உளுத்திருந்தால் முதலில் ஈரம் வரும் வழியை அடைக்க வேண்டும். பிறகு முட்டுக்கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு கட்டை என்ற கணக்கில், கெட்ட பகுதியை அறுத்துவிட்டு, இருபுறமும் இரும்புச் சேனல் வைத்து நல்ல மரத்தோடு போல்ட் போட்டு முடுக்க வேண்டும். சுவர்க் குழியைச் சிமெண்டால் இறுக அடைக்காமல் காற்றோட்டத்துக்கு இடம் விடுங்கள்.

கேள்வி: எங்கள் மாடித் தரையில் பள்ளமான இடத்தை மட்டும் சிமெண்ட் கலவையால் நிரவி டைல்ஸ் ஒட்டலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: கட்டை மிக அதிகமாக வளையும் நடுப்பகுதியிலேயே கூடுதல் எடை விழும் என்பதால் அது தவறான வழி. ஆட்டம் நிற்காத வரை டைல்ஸும் இணைப்பு இணைப்பாக விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பள்ளத்தின் ஆழத்தை அளந்து, தேதியோடு சுவரில் குறித்து வையுங்கள். 3 மாதம் கழித்து மறுபடி அளக்கும்போது ஆழம் கூடியிருந்தால், டைல்ஸைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு கட்டைகளைச் சோதித்தாக வேண்டும்.