வாக்குமூலப் பதிவுக்கு டிஜிட்டல் காணொளியா, பழைய நாடாவா?

சுங்கை சிப்புட்டில் தோட்டத்து வீட்டு வழக்குக்காகப் பாட்டியின் வாக்குமூலத்தைப் பழைய வீடியோ நாடாவில் பதிவு செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். டிஜிட்டலிலேயே பதிவு செய்யுங்கள். நாடாவைப் படியெடுக்கும் ஒவ்வொரு முறையும் படம் மங்கி, ஒலியில் இரைச்சல் கூடுகிறது. டிஜிட்டல் கோப்பை முறையாக நகலெடுத்தால், வழக்கறிஞருக்கு ஒன்று, எதிர்த்தரப்புக்கு ஒன்று என எத்தனை எடுத்தாலும் மூலத்திலிருந்து ஒரு பிட்டும் மாறுவதில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் நாடாச் சுருளின் விளிம்பில் வெண்பூஞ்சை படர்ந்திருந்ததை என் வீட்டு அலமாரியிலேயே பார்த்து வருந்தியிருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நம்பகத்தன்மை: பதிவு முடிந்தவுடன் கோப்பின் ஷா-256 ஹாஷ் மதிப்பை, அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து பெறப்படும் கைரேகை போன்ற குறியீட்டை, கணக்கிட்டு எழுதி வைத்தால், பின்னர் ஒரு நொடிக் காட்சி வெட்டப்பட்டிருந்தாலும் அம்மதிப்பு மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு சான்றுச் சட்டத்தின் 90ஏ பிரிவு கணினிவழி ஆவணங்களுக்கு இடமளிக்கிறது. அதற்குரிய சான்றிதழைப் பற்றி வழக்கறிஞரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் காணொளி சுருக்கப்பட்டுவிடும் என்பதால், கேமராவின் மெமரி கார்டை அப்படியே பத்திரப்படுத்துங்கள்.