75 ஹேர்ட்ஸா, 165 ஹேர்ட்ஸா: கல்முனைத் தம்பிக்குப் பதில்

தம்பி, என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1660 வரைகலை அட்டையில் கணினி விளையாட்டு விளையாடும்போது படம் குறுக்கே கிழிகிறது, விநாடிக்கு 40 முதல் 70 படச்சட்டங்கள்தான் வருகின்றன, ஆகவே மலிவான 75 ஹேர்ட்ஸ் (விநாடிக்கு 75 முறை படத்தைப் புதுப்பிக்கும்) திரையே போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. 165 ஹேர்ட்ஸ் திரையையே வாங்குங்கள்.

நீங்கள் அனுப்பிய விவரத்தில் 75 ஹேர்ட்ஸ் திரையின் மாறும் புதுப்பிப்பு எல்லை, அதாவது அட்டை தரும் சட்டங்களுக்கேற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக் கிழிசலைத் தவிர்க்கும் எல்லை, 48 முதல் 75 வரை. விளையாட்டு 48இற்குக் கீழே இறங்கியவுடன் அந்த வசதி நின்றுவிடும். கிழிசல் திரும்பி வரும். உங்களுக்கு அது அடிக்கடி நடக்கும். மற்றதன் எல்லை 48 முதல் 165 வரை. அங்கே 40 சட்டங்கள் வந்தால் ஒவ்வொன்றையும் இருமுறை காட்டித் திரை 80 ஹேர்ட்ஸில் ஓடும். மேலெல்லை கீழெல்லையைப்போல் இரு மடங்குக்கு மேல் இருந்தால்தான் இது சாத்தியம். அட்டை பழையது என்பதாலேயே உங்களுக்கு அகன்ற எல்லை தேவை. பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள்.

பெட்டியில் ஃபிரீசிங்க் (இதே வசதிக்கு என்விடியாவின் போட்டியாளரான ஏஎம்டி வைத்த பெயர்) என்று இருப்பதைக் கண்டு தயங்க வேண்டாம். 2019 ஜனவரியிலிருந்து என்விடியாவும் அத்தகைய திரைகளை ஏற்கிறது. ஆனால் அத்தகைய திரையை உங்கள் அட்டையோடு டிஸ்பிளே போர்ட் கம்பியால் இணையுங்கள். எச்டிஎம்ஐயில் இணைத்தால் இந்த வசதி பெரும்பாலும் இயங்காது. திரையின் சொந்த அமைப்புப் பட்டியலிலும் கணினியிலுள்ள என்விடியா அமைப்பிலும் இரண்டிடத்திலும் இதை இயக்க வேண்டும்.

மட்டக்களப்புக்குப் பஸ் ஏறுமுன் கடைக்கு அழைத்து, பெட்டிக்குள் அந்தக் கம்பி இருக்கிறதா என்று கேளுங்கள். நான் கேட்காமல் போய், கம்பிக்காக மறுநாளும் 40 கிலோமீற்றர் போக நேர்ந்தது.