‘ஆனால்’ ஒன்று, ஆங்கிலத்தில் பல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேற்று நாட்டவர்களோடு நாள்தோறும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் வேலை என்னுடையது. சென்ற மாதம் எங்கள் குழுத் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். ‘நீங்கள் குழுத் தலைவராக இருந்தாலும் இந்த முடிவில் எனக்கு உடன்பாடில்லை’ என்று மனத்தில் தமிழில் ஓடியதை, ‘ஈவன் இஃப் யூ ஆர் த டீம் லீடர்’ என்று தொடங்கி எழுதினேன். ‘ஐ ஆம் த டீம் லீடர்’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. என் வாக்கியத்தில் என்ன பிழை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பட், ஆல்தோ, தோ, யெட், ஹவெவர், வைல் என்று எதை அகராதியில் தேடினாலும் ‘ஆனால்’, ‘இருந்தாலும்’ என்ற இரண்டுக்குள்ளேயே பொருள் முடிந்துவிடுகிறது. பிறகு எதற்கு இத்தனை சொற்கள்? ‘பட்’ என்று வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது என்கிறார்களே, அது உண்மையா? உங்கள் கட்டுரைகள் எனக்குப் பிடிக்கும், ஆனால் நீளம் அதிகம்.

அன்புடன்,
கோ.

அன்புள்ள கோ.,

உங்கள் வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. அவர் தலைவர்தானா என்பதை மட்டும் நீங்கள் ஐயத்தில் விட்டுவிட்டீர்கள். அவர் அந்த ஐயத்தைத் தீர்த்து வைத்திருக்கிறார்.

தமிழில் ‘மழை பெய்தாலும் போவேன்’ என்கிறோம். ‘மழை பெய்தாலும் அவன் போனான்’ என்றும் சொல்கிறோம். முதல் வாக்கியத்தில் மழை இன்னும் பெய்யவில்லை, பெய்யாமலும் போகலாம். இரண்டாவதில் மழை பெய்து ஓய்ந்துவிட்டது. இரண்டுக்கும் ‘பெய்தாலும்’ என்ற ஒரே வடிவம் போதுமானதாக இருப்பதால், நடந்ததற்கும் நடக்கக் கூடியதற்கும் உள்ள வேறுபாட்டை முற்றுவினையே காட்டிவிடுகிறது, நாமும் அதைக் கவனிப்பதில்லை. ஆங்கிலம் அந்த வேறுபாட்டை வாக்கியத்தின் வாசலிலேயே கேட்டு வாங்கிக்கொள்கிறது. நடந்தது என்று ஒப்புக்கொண்டால் ‘ஈவன் தோ’. நடந்ததா இல்லையா என்பதை உறுதி செய்யாமல், வாதத்துக்காக வைத்துக்கொண்டால் ‘ஈவன் இஃப்’. ஆகவே உங்கள் தலைவர் படித்தது ஏறத்தாழ ‘நீங்களே குழுத் தலைவர் என்று வைத்துக்கொண்டாலும்கூட’ என்பதைத்தான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அந்த ஒற்றை வரியைத்தான் எழுதியிருப்பேன்.

தமிழுக்கு இந்த வேறுபாடு தெரியாது என்று எண்ணிவிட வேண்டாம். ‘படித்தும் தேறவில்லை’ என்னும்போது படித்தது உறுதி. ‘படித்தாலும் தேறமாட்டான்’ என்னும்போது அவன் படிப்பானா என்பதே கேள்வி. ‘பெய்தும்’, ‘பெய்தபோதிலும்’ என்பவை ‘ஈவன் தோ’வுக்கு நெருக்கமானவை; ‘பெய்தாலும்’ இரண்டு பக்கமும் செல்லும். மொழிபெயர்க்கும்போது தடுமாற்றம் வந்தால், உங்கள் தமிழ் வாக்கியத்தில் ‘தாலும்’ இருக்கும் இடத்தில் ‘தும்’ போட்டுப் பாருங்கள். பொருள் கெடாமல் நின்றால் ஆங்கிலத்தில் ‘இஃப்’ வரக் கூடாது. ‘நீங்கள் குழுத் தலைவராக இருந்தும் எனக்கு உடன்பாடில்லை’ என்பது சற்றுக் கரடுமுரடாக ஒலித்தாலும் பொருளளவில் நிற்கிறது, பாருங்கள்.

இன்னும் நெருங்கிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ‘பெய்தாலும்’ என்பது ‘பெய்தால்’ என்ற நிபந்தனையோடு ‘உம்’ சேர்ந்தது. அதாவது உறுப்புக்கு உறுப்பு ‘ஈவன் இஃப்’தான். நம்முடைய ‘ஆனால்’ என்பதும் ‘ஆ’ என்னும் வினையின் நிபந்தனை வடிவம். ‘அப்படியானால்’, ‘முடியுமானால்’ என்பவற்றில் அந்தப் பழைய முகம் இன்னும் தெரிகிறது. இடைச்சொல்லான ‘உம்’ ஒன்றுக்கே எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என்று எட்டுப் பொருள் சொன்னார் தொல்காப்பியர். நாம் வினையின் வாலில் ஒட்டி வைக்கும் இந்த நுட்பங்களை ஆங்கிலம் தனித்தனிச் சொல்லாக வாக்கியத்தின் முன்னால் நிறுத்துகிறது. சொற்கள் அங்கே பெருகியிருப்பதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் எண்ணம்.

இனி, ‘பட்’ என்பதற்கும் ‘ஆல்தோ’ என்பதற்கும் வருவோம். இதற்கு உங்கள் கடிதத்தின் கடைசி வரியைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்காது. ‘பிடிக்கும், ஆனால் நீளம் அதிகம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘நீளம் அதிகம், ஆனால் பிடிக்கும்’ என்று எழுதியிருந்தால் செய்தி மாறியிருக்காது. என் மனநிலை மாறியிருக்கும். ‘பட்’ இரண்டு கூற்றுகளையும் சம உரிமையோடு நிற்க வைப்பதுபோல் தோன்றினாலும், பின்னால் வருவதற்கே தீர்ப்பின் எடையைக் கொடுக்கிறது. ‘ஆல்தோ’ அப்படியன்று. அது எந்தக் கூற்றின் தலையில் அமர்கிறதோ அந்தக் கூற்று, முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும், ஒப்புக்கொண்டு ஒதுக்கி வைக்கப்பட்டதாகவே இருக்கும். எனவே பாராட்டைக் காப்பாற்றிக்கொண்டு குறையைச் சொல்ல வேண்டுமானால் குறையின் தலையில் ‘ஆல்தோ’வை வைப்பார்கள், குறையே முக்கியமானால் பாராட்டை முதலில் சொல்லி, ஒரு ‘பட்’ போட்டு, பிறகு விஷயத்துக்கு வருவார்கள். ஆங்கிலம் பேசுபவர்கள் பாராட்டைக் கேட்கும்போதே அடுத்து வரப்போகும் ‘பட்’டுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது இதனால்தான்.

தமிழில் இந்த வேலையைப் பாதி நேரம் ‘தான்’ செய்துவிடுகிறது. ‘நல்ல யோசனைதான்’ என்று ஒருவர் சொல்லி நிறுத்தினாலே நமக்குப் புரிந்துவிடும். ‘ஆனால்’ வர வேண்டிய தேவையே இல்லை.

செய்தி மாறவில்லை என்று சொன்னேன் அல்லவா? தருக்கத்தை அடிப்படையாகக் கொண்டு பார்த்தால் ‘அண்ட்’ என்பதற்கும் ‘பட்’ என்பதற்கும் உண்மைமதிப்பில், அதாவது கூற்று மெய்யா பொய்யா என்பதில், வேறுபாடு இல்லை. 1879-இல் தம்முடைய குறியீட்டு மொழியை வகுத்த ஜெர்மானியத் தருக்கவியலாளர் ஃப்ரேகே, இவ்விரண்டின் வேறுபாட்டைத் தம் குறியீடு காட்டாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். வேறுபாடு பேசுபவரின் எதிர்பார்ப்பில் இருக்கிறது. ‘ஏழை, ஆனால் நேர்மையானவர்’ என்று ஒருவர் சொன்னால், அந்த ஏழையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்தி இரண்டு. பேசியவர் ஏழைகளைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது மூன்றாவது செய்தி, அதை அவர் சொல்ல நினைத்திருக்கவே மாட்டார்.

‘பட்’ செய்யும் இன்னொரு வேலையில்தான் நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ‘நாட் ப்ளூ பட் க்ரீன்’ என்பதை ‘நீலமல்ல, ஆனால் பச்சை’ என்று எழுதுகிறார்கள். இங்கே முரண் எதுவும் இல்லை, திருத்தம்தான் இருக்கிறது. ஜெர்மன் மொழி முரணுக்கு ‘ஆபர்’ என்றும் திருத்தத்துக்கு ‘ஸோண்டர்ன்’ என்றும், ஸ்பானிய மொழி ‘பெரோ’ என்றும் ‘ஸீனோ’ என்றும் இரண்டு சொற்களைத் தனித்தனியே வைத்திருக்கின்றன. ஆங்கிலம் இரண்டையும் ‘பட்’ தலையிலேயே கட்டிவிட்டது. தமிழுக்குத் திருத்தத்தில் இணைப்புச் சொல்லே வேண்டாம்: ‘நீலமல்ல, பச்சை.’ அவ்வளவுதான்.

நானும் சறுக்கியவன்தான். மொழிபெயர்க்கத் தொடங்கிய காலத்தில், ஒரு வேலை ‘ஆல் பட் ஃபினிஷ்ட்’ என்று இருந்ததை ‘வேலை எல்லாம் முடிந்துவிட்டது’ என்று எழுதினேன். அது அச்சிலும் வந்தது. உண்மையில் ‘கிட்டத்தட்ட முடிந்துவிட்டது’ என்பதே அதன் பொருள். அதாவது இன்னும் முடியவில்லை. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ‘பூட்டன்’ என்று இருந்தது. ‘வெளியே’, ‘நீங்கலாக’ என்று பொருள். அந்தப் பழைய பொருள்தான் ‘ஆல் பட்’ என்பதிலும் ‘நத்திங் பட்’ என்பதிலும் தங்கியிருக்கிறது. நம்முடைய ‘தவிர’ அங்கே பொருந்தும், ‘ஆனால்’ பொருந்தாது.

‘ஹவெவர்’ பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அது இணைப்புச் சொல் அன்று, வினையடை. ஆகவே இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளி மட்டும் இட்டு அதனால் ஒட்ட முடியாது. முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். அதையே காற்புள்ளி இல்லாமல் ஒரு பெயரடையோடு சேர்த்தால் ‘எவ்வளவுதான் ஆனாலும்’ என்று வேறு பொருளாகிவிடும். ‘பட்’ கொண்டு வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது என்பது பள்ளிக்கூட நம்பிக்கை, இலக்கணமன்று. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் முதல் அதிகாரத்தில் ஏறத்தாழ எல்லா வசனங்களும் ‘அண்ட்’ என்றே தொடங்குகின்றன. ‘பட்’டுக்கு மட்டும் என்ன தனித் தடை? ஆனால் ‘ஆல்தோ’ என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் ‘பட்’ போடுவது பிழைதான். ‘யெட்’ போடலாம், பழைய நடையாக ஒலிக்கும்.

உங்கள் மின்னஞ்சலுக்குத் திரும்புகிறேன். ‘ஈவன் தோ யூ ஆர் த டீம் லீடர்’ என்று திருத்தினால் ஐயம் நீங்கும்; எனினும் தலைவராக இருப்பவரோடு மாறுபடுவதே வியப்புக்குரியது என்ற தொனி மீதமிருக்கும். அந்த மொழியில் பழகியவர்கள் இத்தகைய இடத்தில் பெரும்பாலும் ‘வைல்’ என்பதை எடுப்பார்கள். காலத்தைக் குறித்த சொல் அது; நம்முடைய ‘அதே வேளையில்’ முரணுக்கு வந்து சேர்ந்த அதே வழியில்தான் அதுவும் வந்தது. ‘இறுதி முடிவு உங்களுடையது என்பதை நான் ஏற்கும் அதே வேளையில், கால அட்டவணை பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு’ என்ற வாக்கியத்தை ‘வைல் ஐ அக்செப்ட்’ என்று தொடங்கி எழுதிப் பாருங்கள். பதவியைப் பற்றிய பேச்சே அதில் எழாது. எதில் உடன்பாடில்லை என்பதும், நீங்கள் முன்பு எழுதத் தவறியது, அதில் இடம்பெற்றுவிடும்.

இந்தப் பதிலும் நீளம்தான்.

அன்புடன்,
ஆசிரியர்