ஹீயா, ஹிம்மா? வினைச்சொல்லுக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள்

கேள்வி: அண்ணாவும் நானும் நிலாவெளியில் சின்ன விருந்தினர் விடுதி நடத்துகிறோம். வெளிநாட்டவரோடு ஆங்கிலம் கதைக்கும்போது ஐ, மீ, ஹீ, ஹிம் எல்லாம் குழம்புகிறது. அட்டவணையைப் பாடமாக்கியும் வாயில் வருவதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், திருகோணமலை

பதில்: தம்பி, அட்டவணையை ஒதுக்கி வையுங்கள். படகுக்காரரைப் பற்றி 'வரச் சொன்னேன், வரவில்லை' என்கிறீர்கள். 'சொன்னேன்' என்பதன் கடைசியிலேயே 'நான்' ஒட்டியிருக்கிறது. வராதவர் யார் என்பது கேட்பவருக்குத் தானாக விளங்கும். ஆங்கில வினைச்சொல்லில் அப்படி ஒட்டு இல்லை. ஒவ்வொரு முறையும் ஆளை வெளியே சொல்லியே ஆக வேண்டும்: 'ஐ ஆஸ்க்ட் ஹிம், பட் ஹீ டிட் நொட் கம்.'

இந்த ஒரு வசனத்தையே நன்றாகப் பாருங்கள். ஒரே படகுக்காரர்தான், முதலில் ஹிம், அப்புறம் ஹீ. ஆஸ்க்ட் என்ற வினைக்குப் பின்னால் நிற்கும்போது ஹிம். வராமல் விட்டவராக வினைக்கு முன்னால் வந்ததும் ஹீ. தமிழில் அவரை, அவருக்கு, அவரோடு என்று உருபு சேரும் இடத்தில் அநேகமாக ஹிம்தான் வரும்: டு ஹிம், வித் ஹிம். ஐ–மீ, ஷீ–ஹெர், வீ–அஸ், தே–தெம் எல்லாம் இதே வழிதான். யூ, இட் இரண்டும் எந்தப் பக்கத்திலும் மாறாது.

அண்ணாவையும் சேர்த்துச் சொல்லும்போது தடுமாறினால், அவரை ஒரு நொடி எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். 'ஐ வில் கம்' சரி; ஆகவே 'மை பிரதர் அண்ட் ஐ வில் கம்.' 'கோல் மீ' சரி. ஆகவே 'கோல் மை பிரதர் ஓர் மீ.'

மரியாதைக்காக ஒருவரை 'தே' என்று சொல்ல வேண்டாம். அதிபரும் ஹீதான், சின்னப் பையனும் ஹீதான். பல பொருட்களுக்கு மட்டும் 'தே'யை மறக்காதீர்கள். கன்னியாவின் 7 வெந்நீர்க் கிணறுகளையும் காட்டி 'அது சுடும்' என்று நாம் சொல்லிவிடுவோம். ஆங்கிலத்தில் 'தே ஆர் ஹொட்.'

உங்கள் தொழிலில் மிகக் கவனமாகக் கையாள வேண்டியது 'வீ'. நாம், நாங்கள் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் அது ஒன்றுதான். 'டுமோரோ வீ ஆர் கோயிங் டு பிஜன் ஐலன்ட்' என்றால், தங்களையும் கூட்டிப் போவதாக நினைத்து விருந்தினர் விடியவே ஆயத்தமாகி நிற்கலாம். அவர்களையும் சேர்ப்பதானால் 'ஆல் ஒஃப் அஸ்' என்றும், இல்லையென்றால் 'மை பிரதர் அண்ட் ஐ' என்றும் ஆளைச் சொல்லிவிடுங்கள்.